தமயந்தியின் மறுகுரல்

ஆறுச்சாமி மனைவியின் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த அலுவலகத்துக்கு வந்தார். பொள்ளாச்சி வழித்தடத்தில் அரசுப் பேருந்து நடத்துனர் அவர். மனைவி வேலை பார்த்த கட்டடத்துக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு சரி. வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளைஞன் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லு கண்ணு, மொதல்ல சாப்பிட்டியா?" என்றது ஒலிபெருக்கி. "செரி, இப்ப லிஃப்ட் எந்த மாடியில நிக்குது? கதவு பாதி தொறந்திருக்குதா, முழுசா மூடியிருக்குதா?"

ஆறுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். அது தமயந்தியின் குரல். அந்தக் 'கண்ணு', கேள்விக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மூச்சு, எல்லாம் அவளுடையது. காலையில்தான் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, தன் தங்கையைத் துணைக்கு விட்டு வந்திருந்தார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ஏனுங்க, இது யாருங்க பேசறது?"

இளைஞன் திரும்பிப் பார்த்தான். அவன் பெயர் சாதிக். ஏறுமுகம் லிஃப்ட்ஸ் நிறுவனத்தின் உள்வலையைக் கட்டியவன். நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் புழங்கும் அந்த வலைக்குக் 'கூடம்' என்று பெயர். தமிழ்நாட்டின் ஊர்களிலெல்லாம் சிதறிக் கிடக்கும் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள் அதில்தான் சந்தேகம் கேட்பார்கள், படம் போடுவார்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

"தமயந்தி மேடத்தோட மறுகுரல் சார். நீங்க?"

"அவ வீட்டுக்காரன்."

சாதிக்கின் கை தானாகப் போய் ஒலிபெருக்கியை அணைத்தது.

"மறுகுரல்னா என்னங்க?"

"கூடத்துல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு உண்டு சார். அவங்க இத்தனை வருஷமா எழுதினது, பேசினது எல்லாத்தையும் படிச்சுக் கத்துக்கும். அவங்க லீவுல இருக்கப்ப, தூங்கறப்ப, யாராவது கேள்வி கேட்டா அவங்க மாதிரியே பதில் சொல்லும். வேலையில சேரும்போதே எல்லாரும் சம்மதம் குடுத்திருக்காங்க. கேக்கறவங்களுக்கும் தெரியும். திரையில ஓரமா 'மறுகுரல்'னு போட்டிருக்கும்."

"எத்தன பேரு அந்த ஓரத்தைப் பாக்கறாங்க?"

சாதிக் திரையின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான்; எழுத்து மிகச் சிறியதாக இருந்தது.

"அவளுக்கு என்ன ஆச்சுன்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும்?"

மூளையில் ரத்தக்கட்டு வந்து தமயந்தி விழுந்தது சாதிக்குக்குத் தெரியும். பிழைத்துவிட்டாள், நீண்ட விடுப்பில் இருக்கிறாள் என்பதும் தெரியும். அதற்கு மேல் அவன் விசாரிக்கவில்லை. அவளுடைய குரல் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்ததால், அவள் இல்லை என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை.

"ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்துல ஒரு போன் வரல தம்பி. ஊரு முச்சூடும் கண்ணு கண்ணுன்னு பேசினவ. ஒருத்தரு கூடவா விசாரிக்க மாட்டாங்கன்னு நான் நெனச்சு நெனச்சு மாஞ்சு போனேன். அவளும் போனையே பாத்துட்டு உக்காந்திருப்பா." ஆறுச்சாமியின் குரல் உயரவில்லை. "அவ பேசறதெல்லாம் போயிருச்சுங்க. நாம சொல்றது புரியுது. என்ன சொல்லணும்னும் அவளுக்குத் தெரியுது. வார்த்தை மட்டும் வர மாட்டேங்குது. 'தண்ணி'ங்கறதுக்கு இன்னிக்குக் காத்தால அப்படித் திணறினா. இங்க பாத்தா அவ குரல் ஜம்முனு ஊருக்கெல்லாம் பேசிட்டிருக்குது."

மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சாதிக் நிர்வாக இயக்குநர் நந்தகோபாலின் அறைக்குப் போனான். தமயந்தியின் மறுகுரலை நிறுத்திவிடலாம் என்று சொன்னான்.

"முடியாது சாதிக்," என்றார் நந்தகோபால். கெட்ட மனிதர் இல்லை. தமயந்தி மருத்துவமனையில் கிடந்தபோது இரண்டு நாள் வாசலிலேயே நின்றவர். "இத்தனை வருஷமா பழுதுக்கெல்லாம் வழி சொன்ன அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது இங்க வேற யாருக்கும் தெரியாது. ராத்திரி பகல்னு இல்லாம பசங்க கூப்பிடறாங்க. எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னா, அதுக்குள்ள ஆள் மாட்டியிருந்தா, யார் பதில் சொல்றது? நீயா, நானா?"

"அவங்க வீட்டுல கஷ்டப்படறாங்க சார்."

"அவங்களுக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணுவோம். குரலை நிறுத்தறதால அவங்களுக்கு என்ன நல்லது நடந்துரும், சொல்லு?"

சாதிக் எழுந்துகொண்டான். திரும்பி வந்து ஒரே ஒரு காரியம் செய்தான். கூடத்தில் தமயந்தியின் பக்கத்தில் 'விடுப்பு' என்று மட்டும் இருந்ததை அழித்துவிட்டு, அன்றிரவே தொலைபேசியில் ஆறுச்சாமியைக் கேட்டுக்கொண்டு, உள்ளதை எழுதினான்: 'வீட்டில் இருக்கிறார். பேச்சு திரும்பப் பயிற்சி எடுத்துவருகிறார்.'

அதற்குப் பிறகுதான் புகார்கள் வரத் தொடங்கின.

முதல் புகார் சேலத்திலிருந்து. மறுகுரல் பாதி பதில்தான் சொல்கிறதாம். அடுத்தது காரைக்குடி. அதற்கடுத்தது திருவண்ணாமலை. சாதிக் அந்த உரையாடல்களை எடுத்துப் போட்டுக் கேட்டான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்ட அவசரமென்றால் மறுகுரல் எப்போதும்போல் மளமளவென்று சொல்லிவிடுகிறது. அவசரமில்லாத சந்தேகமாக இருந்தால் மட்டும் இப்படிச் சொல்கிறது:

"இதை நேர்ல கேட்டுப் பாரேன் கண்ணு. தமயந்தி வீட்டுலதான் இருக்காங்க. பதில் வர நேரமாகும், நீ அவசரப்படுத்தாத. காத்திருந்து கேட்டுக்கோ."

யாரும் அப்படிச் சொல்லச் சொல்லி அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சாதிக் நிரலை வரிவரியாகப் பார்த்தான், எங்கும் பிழை இல்லை.

"சரி பண்ணு," என்றார் நந்தகோபால். "நோயாளி வீட்டுக்கு ஆளனுப்புது உன் மெஷின். அந்த மனுஷன் ஏற்கெனவே கோபமா இருக்கார். நாளைக்கு வழக்குப் போட்டா என்ன பண்றது?"

சரி பண்ணுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று சாதிக் சிங்காநல்லூருக்குப் போனான். தமயந்தியின் வீடு இரண்டாம் மாடியில். வாசலில் நாலைந்து ஜோடி செருப்புகள் கிடந்தன. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கியபோது ஆறுச்சாமியே கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

சாதிக் எதிர்பார்த்த முகம் அது இல்லை.

உள்ளே, ஜன்னலோரத்து நாற்காலியில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. எதிரே ஈரோட்டிலிருந்து வந்த இரண்டு பழுதுபார்ப்பவர்கள் ஒரு மின்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். தமயந்தியின் உதடுகள் ஒரு சொல்லைத் தேடின. கண்ணை மூடினாள், திறந்தாள்.

"ஈ... ஈரம்," என்றாள்.

"பலகையில ஈரம் எறங்கியிருக்குதுங்களா?"

தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அட, மழைத் தண்ணி! மேல ஓட்டை இருக்குதுக்கா, நாங்கதான் கவனிக்கல," என்றான் ஒருவன். தமயந்தி சிரித்தாள்.

ஆறுச்சாமி சாதிக்கைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனார்.

"மொதல் நாளு ஒரு பையன் கூப்பிட்டான். எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சுங்க. உடம்பு முடியாதவகிட்ட என்ன கேள்வின்னு திட்டி வெச்சுட்டேன். அவ கையை நீட்டிப் போனைப் புடுங்கிக்கிட்டா. அந்தப் பையனும் விடாம லைன்லயே இருந்தான். என்ன சொன்னாளோ, ஏது சொன்னாளோ, கடைசியில 'மூணு'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. அவன் 'நன்றிக்கா, புரிஞ்சுபோச்சு'ன்னான்." டம்ளரில் காப்பியை ஆற்றினார். "பயிற்சி குடுக்கற டாக்டரம்மா படத்தைக் காட்டி 'இது என்ன, பூனை. இது என்ன, கதவு'ன்னு கேப்பாங்க. இவ மூஞ்சியைத் திருப்பிக்குவா. இந்தப் பசங்க கேட்டா மட்டும் பதில் சொல்லியே ஆகணும்னு நிக்கறா. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, இவங்க வரட்டும்னு. நல்ல காரியம் பண்ணுனீங்க தம்பி."

"நான் பண்ணலை சார்," என்றான் சாதிக்.

"அப்ப யாரு பண்ணுனது?"

அவன் பதில் சொல்வதற்குள் தொலைபேசியில் நிறுவன வலையின் அழைப்பு மணி அடித்தது. ஆறுச்சாமி ஓடிப்போய்த் தொலைபேசியைத் தமயந்தியின் முன்னால் நிறுத்தினார். திரையில் ஜெபராஜ். குமரி மாவட்டம் முழுவதையும் தனியாளாகப் பார்த்துக்கொள்பவன். முகமெல்லாம் வியர்வை.

"எக்கா, மார்த்தாண்டத்துல ஒரு கல்யாண மண்டபம். புது மாடல் லிஃப்டு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஆறு பேரு கெடக்காவ. ஒரு அம்மாக்கு வீசிங் இருக்கு, மூச்சு வாங்குது. ஃபயர் சர்வீஸ் வந்துட்டு இருக்கு. மறுகுரல்ட்ட கேட்டேன். 'இந்த மாடல் எனக்குத் தெரியாது, நான் பேசிப் பழகினதுல இது இல்ல. உடனே தமயந்தியைக் கூப்பிடு'ன்னு சொல்லிட்டுக்கா."

சாதிக்குக்குப் புரிந்தது. அந்த மாடல் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தமயந்தி விழுந்தாள். சோதனைக் கோபுரத்தில் அதை ஏற்றி இறக்கிப் பார்த்தவள் அவள்தான். பார்த்ததை எழுதி வைக்கவோ யாரிடமும் சொல்லவோ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் மறுகுரலுக்கும் அது போய்ச் சேரவில்லை.

"பிரேக்கை விடுவிக்கற நெம்புகோல் அசையவே மாட்டேங்குக்கா," என்றான் ஜெபராஜ். பின்னால் யாரோ கதவைத் தட்டிக் கூவும் சத்தம். "பலங்கொண்டு இழுத்தா முறிஞ்சிரும் போல."

தமயந்தி கையை உயர்த்தி, வேண்டாம் என்று ஆட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"கீ..."

"கீயா? சாவியாக்கா? சாவி போட்டுப் பாத்தாச்சே!"

தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். "கீ... கீ..." கண்ணில் நீர் முட்டியது. ஆறுச்சாமி அவள் தோளைப் பிடித்தார். "மெதுவாச் சொல்லு. அவன் காத்திருப்பான்."

"நான் இருக்கேன்க்கா," என்றான் ஜெபராஜ். அவன் குரலும் தணிந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க."

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இடது கையைச் சேலைத் தோள்மடிப்புக்குக் கொண்டுபோனாள். விரல்கள் தடுமாறின. அங்கே குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தொலைபேசியின் முன்னால் நீட்டினாள். மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"கீழ."

ஜெபராஜ் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஊக்கு... பின்னு. பின்னா? நெம்புகோலுக்குக் கீழ பின்னு இருக்கா?"

தமயந்தி ஊக்கை வெளியே இழுப்பதுபோல் காட்டினாள்.

திரை ஆடியது. இருட்டு, டார்ச் வெளிச்சம், உலோகத்தில் ஏதோ உரசும் ஒலி. ஒரு 'டொக்'. அப்புறம் நெடுநேரம் எதுவும் தெரியவில்லை. ஈரோட்டுக்காரர்கள் இருவரும் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பிறகு மண்டபத்திலிருந்து ஒரே ஆரவாரம். ஜெபராஜின் முகம் மறுபடியும் தெரிந்தது.

"எறங்கிட்டுக்கா! கதவு தொறந்தாச்சு. அந்த அம்மாவத் தூக்கிட்டுப் போறாவ, பேசுறாவ, நல்லாருக்காவ. எக்கா..." அவன் இரண்டு கையையும் கூப்பிக் காட்டினான்.

தமயந்தி நாற்காலியில் சாய்ந்தாள். அவிழ்ந்த சேலை மடிப்பை ஆறுச்சாமியின் தங்கை வந்து சரிசெய்து குத்திவிட்டாள். ஆறுச்சாமி காப்பி டம்ளரை அவள் உதட்டருகே பிடித்தார்.

மறுநாள் சாதிக் இரண்டு வேலை செய்தான். நந்தகோபாலிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். பிறகு, "இனிமே அந்தம்மாவைக் கேக்காம அந்தக் குரல்ல எதையும் மாத்த வேண்டாம்," என்றார். "அவங்க குரல். அவங்க முடிவு பண்ணட்டும். நான் அப்பவே அவங்களைக் கேட்டிருக்கணும்."

அடுத்து, தமயந்தியிடமே போய் அனுமதி கேட்டான். அவளுடைய பழைய உரையாடல்களை அவன் படிக்கலாமா? மறுகுரல் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பது அதில்தான் இருக்க வேண்டும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

படிக்கப் படிக்கப் புரிந்தது. பிரசவ விடுப்பு முடிந்து ஒரு பெண் பயந்துகொண்டே வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தமயந்தி நாலு பேருக்குச் சொல்லியிருந்தாள்: 'விடை எனக்குத் தெரியும். ஆனா நீ சுதாவைப் போய்க் கேளு. அவளுக்குத் தெரியும்னு அவளுக்கே மறந்துபோச்சு.' விபத்தில் காலுடைந்து மேசை வேலைக்கு மாற்றப்பட்ட ஒருவருக்காக ஆறு பேரை அனுப்பியிருந்தாள். ஒதுங்கியவர்கள், துவண்டவர்கள், எல்லோருக்கும் இதையே செய்திருந்தாள். யாருக்கும் தெரியாமல் செய்திருந்தாள். மறுகுரல் அவளிடமிருந்து லிஃப்டைப் பற்றி மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 'வீட்டில் இருக்கிறார், பேச்சு திரும்பப் பயிற்சி எடுத்துவருகிறார்' என்ற வரியைப் பார்த்ததும், அப்படிப்பட்ட ஒருவருக்குத் தமயந்தி என்ன செய்வாளோ அதைச் செய்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனபோது சாதிக் தன் பெயரையே பார்த்தான்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்றிரண்டு பேரைத் தவிரக் கூடத்தை யாரும் சீந்தவில்லை. 'எங்களுக்குப் போன் போதும் தம்பி' என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். வேலையை விட்டுவிட முடிவெடுத்திருந்த நேரத்தில், ஒவ்வொருவராக அவன் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். இதை எப்படித் திறப்பது, படத்தை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். தான் கட்டியதன் அருமை கடைசியில் புரிந்துவிட்டது என்று அவன் அன்றைக்குச் சந்தோஷப்பட்டான்.

திரையில் தமயந்தி ஜெபராஜுக்கு எழுதியிருந்தாள்: 'கண்ணு, சாதிக்னு ஒரு பையன் வந்திருக்கான். கெட்டிக்காரன், ஆனா வாடிப்போயிருக்கான். ஏதாவது ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடிச்சு அவன்கிட்ட கேளேன். நான் சொன்னேன்னு சொல்லிராத.'

சாதிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

தமயந்தி அலுவலகத்துக்கு வந்தபோது கோயம்புத்தூரில் மாமரங்கள் பூத்திருந்தன. ஊன்றுகோலுடன், ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படியேறினாள். "லிஃப்டு இருக்குதே!" என்று அவர் சொன்னதற்கு "ந... நடக்கறேன்," என்றாள். சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்துவிட்டன. இடையில் நீளமான மௌனங்கள். எதிரே இருப்பவர்கள் அதற்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மறுகுரலை என்ன செய்வது என்று அவள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள். நந்தகோபாலும் சாதிக்கும் காத்திருக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தெரிஞ்சது... எல்லாம்... இருக்கட்டும். பசங்களுக்கு... வேணும். என் குரல்... வேண்டாம். என் பேரும்... வேண்டாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கூப்பிட்டா... நான்... வருவேன்."

"எல்லார்கிட்டயும் அவங்க குரல் வேணுமா வேண்டாமான்னு இனிமே வருஷாவருஷம் கேக்கறோம்," என்றார் நந்தகோபால். "உடம்பு சரியில்லைன்னா உடனே நிறுத்திடறோம். அவங்க வீட்டுக்கு முதல்ல ஆள்தான் போகணும்."

குரலை நிறுத்தும் பொத்தானில் சாதிக் விரலை வைத்தான். தமயந்தி அவன் கையைத் தொட்டாள்.

"ஒரு தடவ... பேசறேன்."

இதுவரை அவள் அதைக் கேட்டதே இல்லை. ஆறுச்சாமிதான் கேட்டுவிட்டு வந்து சொல்லியிருந்தார். சாதிக் ஒலிவாங்கியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள், புது ஆளைப் பார்க்கப் போகிறவளைப் போல.

"வண... வணக்கம்," என்றாள். "நன்... நன்..." அந்தச் சொல் பாதியில் நின்றது. மறுபடியும் முயன்றாள். வரவில்லை.

மறுகுரலுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் விழுந்த பிறகு பேசிய எதையும் அதற்குக் கொடுக்கவில்லை; இந்தக் குரலை அது இதற்கு முன் கேட்டதில்லை.

"வணக்கம் கண்ணு," என்றது அது, தமயந்தியின் பழைய, தங்குதடையில்லாத குரலில். "புதுசா சேர்ந்திருக்கியா? பேசறதுக்குச் சிரமமா இருக்குதா? ஒண்ணும் பதறாத. இங்க யாருக்கும் அவசரமில்ல. நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாலும் நான் இருக்கேன். சாப்பிட்டியா?"

ஆறுச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தமயந்தியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்... பிட்டேன்," என்றாள்.

"அப்பச் செரி. இப்ப மெதுவாச் சொல்லு."

தமயந்தி கண்ணை மூடினாள். மூவரும் காத்திருந்தார்கள், இயந்திரமும் காத்திருந்தது.

"நன்றி," என்றாள், முழுசாக, ஒரே மூச்சில். பிறகு சாதிக்கைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

கொஞ்ச நேரம் அவள் அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணவனின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க," என்றாள். "நான்... நல்லவளாத்தான்... இருந்திருக்கேன்."